இரண்டே முக்கால் மில்லிமீட்டர்

அந்தப் பெட்டி மேல மட்டும் பையை வெச்சுராதீங்க தம்பி. கோவிச்சுக்காதீங்க. உங்க பை உசந்த பைதான், யாரு இல்லைன்னா? ஆனா அந்தப் பெட்டிக்குள்ள ஒரு டீசல் இன்ஜினும் ஆறு கோச்சும் படுத்திருக்குதுங்க. நெசமாத்தான். இப்ப நாம உக்காந்திருக்கோமே, இதே மாதிரி ஜன்னல் கம்பி, இதே மாதிரி ஃபேன், இதே மாதிரி கக்கூஸ் பக்கத்துல ஒழுகி வழிஞ்ச கறை. எல்லாம் எண்பத்தேழுல ஒரு பங்கு.

பொம்மைங்களான்னு கேட்டுட்டீங்க. கேக்காம இருந்தாத்தான் அதிசயம். எங்க சம்மந்தியும் அப்படித்தான் கேட்டாரு. காலேஜ்ல பாடம் நடத்தற மனுஷன், அவரே அப்படிக் கேட்டா உங்களைச் சொல்லி என்ன ஆகப்போவுது? பொம்மைன்னா குழந்தை எடுத்து வெளையாடறதுங்க. இதைக் குழந்தை தொட்டா நான் கையை ஒடிச்சுருவேன். இதுக்குப் பேரு மாடல்.

எங்க, மெட்ராஸ் வரைக்கும் போறீங்களா? நானும் அங்கதான். நாளைக்கு ஒரு ஸ்கூல் ஹால்ல, இந்த மாதிரி மாடல் செய்யற எங்க ஆளுக கண்காட்சி. இன்னைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள போயி டேபிள் போட்டாகணும். நடுவுல காட்பாடியில என் சம்சாரம் பேத்தியத் தூக்கிட்டு பிளாட்பாரத்துக்கு வருவா. பொறந்து ரெண்டு மாசம் ஆவுது, இன்னும் நான் பாக்கல. வண்டி ரெண்டு நிமிஷம் நிக்கும், ஜன்னல்லயே பாத்துக்குவேன். எந்தக் கோச்சு, எந்த இடத்துல வந்து நிக்கும்னு முந்தாநாளே போன்ல சொல்லிட்டேன். பிளாட்பாரத்து டீக்கடைக்கு நேரா நில்லு, ஒரு அடி முன்னப் பின்ன இருக்காதுன்னேன்.

ஏன், எறங்கிப் பாத்துட்டு அடுத்த வண்டியில போகலாமேங்கறீங்க. சொல்றதுக்கு நல்லாத்தான் இருக்குது. மொத நாள் சாயங்காலம் வராதவனுக்கு எங்க ஆளுக மூலையில பாத்ரூம் பக்கத்துல டேபிள் குடுப்பானுக. ரெண்டு வருஷம் ஒழைச்சது பாத்ரூமுக்குப் போற வர்றவன் பாக்கறதுக்குங்களா?

அட, ரெண்டு மாசமா நான் ஏன் போயிப் பாக்கலைங்கற கதையைக் கேட்டா நீங்களே சொல்லுவீங்க, நாச்சிமுத்து மேல ஒரு தப்பும் இல்லைன்னு. நாச்சிமுத்து நாந்தானுங்க. ஈரோடு. பாலிடெக்னிக்ல முப்பத்தோரு வருஷம் வொர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர். பையனுக தேய்ச்சுக் கொண்டாந்து குடுக்கற இரும்புத் துண்டை அளப்பேன். நூல் அளவு போயிருந்தாலும் தொட்டியில வீசிட்டு, போய் மறுபடி தேய்றான்னுருவேன். அந்தப் புண்ணியத்துலதான் ஜில்லா பூராம் எனக்கு வேண்டாதவங்க இருக்கறாங்க. ரிட்டயர் ஆன மறு மாசமே இந்த வேலையில எறங்கிட்டேன். வெளிநாட்டுல செஞ்ச இன்ஜின் ஒண்ணு வாங்கி, மூக்கை அறுத்து, கேபினை மாத்தி, நம்மூரு இன்ஜின் ஆக்கினேன். ஜன்னல் கம்பிக்கு காலிங் பெல் ஒயரைப் பிரிச்சு உள்ள இருக்கற செப்பு நூலை எடுத்தேன். துரு வேணுமே, அதுக்கு எங்க வீட்டு கேட்டைச் சுரண்டினேன். பெயின்ட்டு கலக்கித் துரு மாதிரி செய்யற சோலியெல்லாம் என்கிட்ட கெடையாதுங்க. நெசத் துரு.

சந்தோசமா இருந்தேன் தம்பி. கெடுத்தது ஒரு பல் டாக்டரு.

அருளானந்தம்னு பேரு. கோயமுத்தூர்ல ரெண்டு வருஷம் முன்னாடி இதே மாதிரி ஒரு கண்காட்சி. என் வண்டி ஓடுது, ஜனம் நின்னு பாக்குது, ஒரு பாட்டி கும்பிடவே கும்பிட்டுருச்சு. இந்த ஆளு வந்தான். குனிஞ்சு பாத்தான். சட்டைப் பையில இருந்து வெர்னியரை எடுத்தான். கண்காட்சிக்கு எவனாவது வெர்னியர் கொண்டாருவானா? பல்லைப் புடுங்கறவனுக்கு வெர்னியர் என்னத்துக்குங்கறேன். சக்கரத்துக்கு நடுவுல வெச்சு அளந்தான். அளந்துட்டு, "வண்டி அருமைங்க சார். ஆனா நம்ம வண்டி வெளிநாட்டுத் தண்டவாளத்துல ஓடுதே"ன்னான். சிரிச்சுக்கிட்டே வேற.

உங்களுக்குப் புரியறாப்புல சொல்றேன். நம்ம அகலப் பாதை இருக்குதுல்ல, ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல ஆயிரத்து அறுநூத்தி எழுபத்தாறு மில்லிமீட்டர். அதை எண்பத்தேழால வகுத்தா பத்தொம்பதேகால் வரும். கடையில விக்கறது பதினாறரை. ஏன்னா வெளிநாட்டுக்காரன் பாதை நம்மளைவிடக் குறுகல், அவன் அளவுக்கு அவன் செஞ்சு விக்கறான். ஊரு பூராம் அதுலதான் நம்ம வண்டியை ஓட்டறானுக. எவனும் கேக்கறதில்ல. ரெண்டே முக்கால் மில்லிமீட்டர் வித்தியாசம். கண்ணுக்குத் தெரியாது.

எனக்கு அதுக்கப்புறம் அது மட்டுந்தான் தெரிஞ்சுது. வண்டியைப் பாத்தா, பெரிய ஆளு ஒருத்தரு காலை ஒட்ட வெச்சு நடக்கற மாதிரியே இருக்குது. சோறு எறங்கலைங்க. வசந்தாமணி, என் சம்சாரம், அவ சொன்னா, "வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்காதீங்க"ன்னு. பொம்பளைக பேச்சு. நான் சக்கரத்தை மட்டும் மாத்தறேன்னேன். ரெண்டே முக்கால் மில்லிமீட்டர்தானே.

சக்கரத்தை மாத்தினேன். அச்சு எல்லாம் பாலிடெக்னிக் லேத்துல புதுசாக் கடைஞ்சேன். சக்கரம் அகலமாச்சுன்னா கடைத் தண்டவாளத்துல நிக்குமா? நிக்காது. சரின்னு தண்டவாளத்தைக் கையாலயே போட்டேன். தண்டவாளத்துக்கு அடியில போடற கட்டை மூவாயிரத்து நானூறு, ஒவ்வொண்ணா அறுத்து, தேய்ச்சு, ஒட்டி. ஜல்லிக்குக் கருங்கல் பொடியை வசந்தாமணி மாவு சலிக்கற சல்லடையில சலிச்சேன். அதுக்கு ஒரு பாட்டு பாடினா பாருங்க, ஒரு வாரம். பெறகு கோச்சு. கடைக் கோச்செல்லாம் நீளத்தைக் குறைச்சு ஏமாத்தி வெச்சிருப்பானுங்க. சக்கரம் சரியா இருக்கும்போது கோச்சு பொய்யா இருக்கலாமா? நெச நீளத்துக்குச் செஞ்சேன். நெச நீளம் வந்தா வளைவுல திரும்ப மாட்டேங்குது, பட்டுப் பட்டுன்னு கவுந்துக்குது. வளைவைப் பெருசாக்கினாத்தான் ஆச்சு. நாலடி ஆரம். சுத்தித் திரும்ப எட்டடி அகலம் வேணும். என் ரூமுல எட்டடி எங்க இருக்குது? கதவு தடுக்குது.

பக்கத்து ரூமுல இருந்துச்சு.

அது மோகனா ரூமு. மோகனப்பிரியா, எங்க பொண்ணு, ஒரே பொண்ணு. கட்டிக் குடுத்து நாலு வருஷம் ஆச்சு, காட்பாடியில இருக்கா. ரூமு சும்மாத்தானே கெடந்துச்சு? ஒரு கட்டில், ஒரு பீரோ, ஒரு மேசை. நான் ரூமை எடுத்துக்கலைங்க, எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க, எடுத்துக்கிட்டேன்னு. செவுத்துல ஒரு ஓட்டை போட்டேன், அவ்வளவுதான். ரெட்டைப் பாதை போற அளவுக்கு ஒரு குகை. வண்டி இந்தப் பக்கம் இருந்து கெளம்பி, அவ ரூமுக்குப் போயி, அங்க போட்ட டேபிள் மேல ஒரு சுத்து சுத்திட்டு, திரும்பி வந்துரும். விருந்தாளி மாதிரி.

கொத்தனார் செவுத்தை ஒடைக்கும்போதுதான் போன் வந்துச்சு, மோகனா முழுகாம இருக்கான்னு. எனக்குச் சந்தோசம் இல்லைன்னு நெனைச்சுக்காதீங்க. கொத்தனாருக்கே சக்கரை குடுத்தேன்.

ஆனா உங்களுக்குத் தெரியாததா? தலைப்பிரசவம் தாய்வீட்டுலதான். அது நம்ம பழக்கம். மேல ரெண்டு ரூமு இருக்குது, ஆனா டாக்டரம்மா மாடி ஏறக்கூடாதுன்னுட்டா. கீழ இருக்கறது அந்த ரூமுதான், பாத்ரூமும் அதை ஒட்டித்தான். வசந்தாமணி அன்னைக்கே ஆரம்பிச்சுட்டா, டேபிளை எடுங்க, டேபிளை எடுங்கன்னு. எடுக்கறதுன்னா என்னன்னு நெனைச்சா? அது என்ன கல்யாண மண்டபத்து மேசையா, மடக்கி வெக்க? "ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை ஓட்டுச்சாம்"னு அவ சொல்ல, அதுவும் ரயிலைப் பாத்துச் சொல்ல, நான் காதுல வாங்கலை.

கார்த்திகையில ஏழாம் மாசம், காட்பாடியிலயே வளைகாப்பு. அன்னைக்கே கூட்டிக்கிட்டு வந்துரலாம்னா வசந்தாமணி. எனக்கு அந்தப் பக்கம் வளைவு பாதிதான் ஆயிருந்துச்சு. நான் சொன்னேன், அடுத்தது மார்கழி, மாசமும் எட்டு, எட்டாம் மாசத்துல எடம் மாத்தக்கூடாது, தை பொறக்கட்டும்னு. சபையில எல்லாரும் ஒருத்தரை ஒருத்தரு பாத்துக்கிட்டாங்க. நான் ராவுகாலம் பாக்காம கல்யாணம் பண்ணினவன். சம்மந்தியம்மா மட்டும், "அண்ணனுக்கு வயசு ஆவ ஆவ சாஸ்திரமெல்லாம் தெரியுதே"ன்னாங்க. பாராட்டறாங்கன்னு நெனைச்சு நானும் தலையாட்டினேன்.

தையில வந்தா. ஒம்பது மாச வயிறு. அந்த ஒரு மாசமும் நான் சும்மா இல்லைங்க, அதை யாரும் சொல்ல மாட்டாங்க. அவளுக்குன்னு ஒரு ஏற்பாடு பண்ணி வெச்சிருந்தேன். டேபிள் உசரம் நாப்பது இஞ்ச். கட்டில் பதினெட்டு. அப்ப நடுவுல எவ்வளவு எடம் இருக்குது பாருங்க. கட்டிலை டேபிளுக்குக் கீழ தள்ளிப் போட்டு, ஒரு பக்கம் நீலத் திரை, தலைமாட்டுல குட்டி லைட்டு, போன் சார்ஜ் போட ஒரு பிளக்கு, தண்ணி பாட்டில் வெக்க வலை. ஏசி கோச்சு தோத்துப் போகும். லோயர் பெர்த்துன்னு ஒரு போர்டுகூட எழுதி ஒட்டினேன், நம்ம ரயில்வே எழுத்துலயே. ஊருல எத்தனை பேரு லோயர் பெர்த்து கெடைக்காம டிடிஆர் பின்னாடியே ஓடறாங்க?

வாசப்படியில நின்னு பாத்தா. சிரிச்சா தம்பி, நெசமாவே சிரிச்சா. "என்னப்பா இது"ன்னா. நான் ஏறிப் பாரு கண்ணுன்னேன். நல்ல புள்ளை, சொன்னா கேக்கும். ஒரு கையை இடுப்புல வெச்சுக்கிட்டுக் குனிஞ்சு, உள்ள போயி உக்காந்து, நிமுந்தா. மேல நங்குன்னு இடிச்சுது.

அதுல என் தப்பு இருக்குது, நான் மறைக்கலை. தண்டவாளம் பிரியற இடத்துல அடியில ஒரு மோட்டார் தொங்கும், ரெண்டு இஞ்ச். அதை நான் கணக்குல எடுக்கலை. ஆனைக்கும் அடி சறுக்கும். உடனே டார்ச்சை எடுத்துக்கிட்டு ஓடிப்போயி, மண்டி போட்டு, அடியில பாத்தேன். நல்லவேளை, ஒண்ணும் ஆகலை. ஒரு ஸ்க்ரூகூட அசையலை.

அவளுக்குங்களா? அவளுக்கும் ஒண்ணும் ஆகலைங்க. லேசா வீங்குச்சு. ஏன் அப்படிப் பாக்கறீங்க? வசந்தாமணியும் இப்படித்தான் பாத்தா.

மோகனா மெல்ல வெளிய வந்து பீரோவைப் புடிச்சுக்கிட்டு நின்னா. ரூமுல ஒயருக்கு சால்டர் வெச்சு ஒட்டின புகை கொஞ்சம் இருந்துச்சு, இருமினா. பெறகு அவங்கம்மாவைப் பாத்து, "அடுத்த வண்டி எத்தனை மணிக்கும்மா?"ன்னா.

வசந்தாமணிக்கு என்ன தெரியும்? நாந்தான் சொன்னேன். மூணு இருபதுக்கு ஒண்ணு இருக்குது கண்ணு, ரெண்டாவது பிளாட்பாரம், சேலத்துல இருவது நிமிஷம் நிறுத்திப் போட்டுருவான், அதுக்குப் பதிலா நாலு அம்பதைப் புடிச்சா ஜோலார்பேட்டை விட்டா நேரா காட்பாடிதான், இன்ஜினும் நம்ம ஈரோடு ஷெட்டுதுன்னு. பொறந்ததுல இருந்து வண்டியைப் பத்தி ஒரு வார்த்தை கேக்காத புள்ளை, கேக்குதேன்னு எனக்கு ஒரே சந்தோசம். அது போறதுக்குக் கேக்குதுன்னு நான் எப்படிங்க கண்டேன்?

நாலு அம்பதுக்கே போயிட்டா. கொண்டாந்த பையைப் பிரிக்கக்கூட இல்லை. வசந்தாமணியும் நாலு சீலையை அள்ளிக்கிட்டுக் கெளம்பிட்டா. "பிரசவம் பாக்கறதுக்குப் புள்ளையப் பெத்தவ ஒருத்தியாவது வேணும். நீங்க உங்க வண்டிகூடவே இருங்க"ன்னா. நான் ஸ்டேஷன் வரைக்கும் போனேன், இல்லைன்னு சொல்லலை. பையைத் தூக்கிக் குடுத்தேன். மோகனா ஜன்னல்ல உக்காந்து, "வீட்டுக்குப் போங்கப்பா, வெயிலா இருக்குது"ன்னா. கோவமாச் சொன்னா திருப்பிப் பேசலாம். இப்படிச் சொன்னா என்னத்தைப் பேசறது?

பதினோரு நாள் கழிச்சுக் குழந்தை பொறந்துச்சு. அங்கயே, ஆஸ்பத்திரியில. எனக்கு யாரு சொன்னாங்கன்னு நெனைக்கறீங்க? சம்மந்தி. "வாழ்த்துகள் சம்மந்தி, பேத்தி"ன்னு ஒரு வரி, போன்ல. என் வீட்டுல பொறந்திருக்க வேண்டிய குழந்தை. ஊருல நாலு பேரு கேக்கறாங்க, ஏன் பொண்ணு தலைப்பிரசவத்துக்கு வரலைன்னு. நான் என்ன சொல்ல? அவமானம் எனக்குத்தானே? அதனாலதான் நான் போகலை. வரவேண்டியவங்க அவங்க. மொறைன்னு ஒண்ணு இருக்குதுல்ல. வசந்தாமணி போட்டோ அனுப்புனா. பாத்தேன். செவச் செவன்னு இருந்துச்சு, எல்லாக் குழந்தையும் போன்ல அப்படித்தான் இருக்குது.

ரெண்டு மாசமா மெஸ்ஸு சாப்பாடு. வசந்தாமணி தெனம் ஒரு தடவை கூப்புடுவா. மாத்திரை போட்டீங்களா, கேஸை மூடினீங்களா. வெச்சுருவா. வீடு அமைதியா இருக்குது, வேலை மளமளன்னு நடந்துச்சு, அந்தப் பக்கத்து வளைவும் முடிஞ்சுது. இப்பப் பாத்தீங்கன்னா வண்டி குகைக்குள்ள போயி, அந்த ரூமைச் சுத்தி, திரும்பி வருது பாருங்க, ஒரு ஆட்டம் இல்ல, ஒரு சத்தம் இல்ல. நான் தனியா உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பேன். அது அந்த ரூமுக்குள்ள போயிட்டு வர்றதுக்கு முப்பத்தெட்டு செகண்டு. அந்த முப்பத்தெட்டு செகண்டும் எனக்கு என்னமோ பண்ணும். என்னன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாதுங்க.

நாளைக்கு வருவான் அருளானந்தம். வெர்னியரோட வரட்டும். வெக்கட்டும். பத்தொம்பதேகால் காட்டும்போது அவன் மூஞ்சியைப் பாக்கணும், அவ்வளவுதான். அதுக்கப்புறம் டேபிளை எடுத்தாலும் எடுத்துருவேன்.

இருங்க, லத்தேரி தாண்டிட்டுது, காட்பாடி வந்துருச்சு. கொஞ்சம் நவுந்துக்கறீங்களா, ஜன்னலை ஏத்தணும். கண்ணாடி எங்க, என் கண்ணாடி. சட்டைப் பையிலயா? ஆமா. பெட்டியைப் பாத்துக்கங்க தம்பி.

பாத்தீங்கல்ல? டீக்கடைக்கு நேராவே நின்னுச்சு. ஒரு அடி முன்னப் பின்ன இல்லை.

ஆமாங்க, அதுதான் வசந்தாமணி. அந்தப் பச்சைச் சீலை. தனியாத்தான் வந்தா. குழந்தை எங்கடின்னேன். "தூங்குது. இந்த வெயில்ல தூக்கிட்டு வந்து வண்டிக்குக் காட்டறதுக்கு அது என்ன பச்சைக் கொடியா? ஆட்டோவுல பத்து நிமிஷம், எறங்கி வாங்க"ன்னா. தூங்கற குழந்தைய ஒருத்தரு எழுப்ப மாட்டாங்களா, தாத்தன் வர்றான்னா? மோகனா வரலையான்னேன். "வீட்டுல உங்களுக்குச் சமைச்சு வெச்சிருக்கா. வர மாட்டீங்கன்னு நான் சொன்னேன். வந்தாலும் வருவாருன்னு அவதான் சமைச்சா"ன்னா. இதோ, அந்தச் சாப்பாட்டை இந்தத் தூக்குப் போசியில போட்டுக் கொண்டாந்து குடுத்தா. கம்பிக்குள்ள நுழையலைன்னு கதவுப் பக்கமா வந்து குடுத்தா, நீங்கதானே வாங்கி வெச்சீங்க. சூடா இருக்குதுங்களா?

நான் எறங்கலாம்னுதான் எந்திரிச்சேன். நீங்க பாத்தீங்களே, எந்திரிச்சேன்ல? கதவு வரைக்கும் போனேன். பெட்டி இங்க இருக்குது. பெட்டியைத் தூக்க வரணும், அதைச் சாய்க்காமத் தூக்கணும், ரெண்டு கையும் வேணும். அதுக்குள்ள சிக்னல் விழுந்துருச்சு. அவகிட்டச் சொன்னேன், அளவு சரியா வந்துருச்சு, நாளைக்கு அந்தப் பல் டாக்டரு வர்றான்னு. "சரிங்க"ன்னா. அளவு வந்த விதத்தைச் சொன்னேன், அச்சை ரெண்டாவது தடவை கடைஞ்சதைச் சொன்னேன். "சரிங்க, சாப்புட்டுருங்க, ஆறிப் போயிரும்"ன்னா. வண்டி நவுர ஆரம்பிச்சுது. கூடவே நாலு எட்டு நடந்து வந்தா. எதுக்கோ வந்தா. ஏதோ நான் கேப்பேன்னு பாத்துக்கிட்டே வந்தா.

சாப்புடுங்க தம்பி. ரெண்டு பேரு சாப்பாடு இருக்குது. மோகனா கை மணம், பாருங்க, அவங்கம்மாவைவிட ஒரு படி மேல. நான் அப்புறம் சாப்புடறேன். எனக்கு இப்ப எறங்காது.

என்ன கேட்டீங்க? பேத்தி பேருங்களா?

போன வாரம்தான் பேரு வெச்சாங்க, கோயில்ல. மாப்பிள்ளையே போன் பண்ணிக் கூப்புட்டாரு. பெயின்ட்டு காயாம இருந்துச்சு, நான் போகலை. என்ன பேருன்னு அப்ப நானும் கேக்கலை, அவங்களும் சொல்லலை. இன்னைக்கு வசந்தாமணிகிட்டக் கேட்டிருக்கலாம். வண்டி அதுக்குள்ள எடுத்துட்டான்னு உங்ககிட்டச் சொல்லலாம், நீங்களும் நம்பிருவீங்க. ரெண்டு நிமிஷம் இருந்துச்சு தம்பி. எனக்குக் கேக்கத் தோணலை.